பசை காயாத போர்கள்

செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிடுங்கள். மேலே வந்ததும் காலைப் பார்த்து வையுங்கள். 1941 தரையில் விரித்துக் காயப் போட்டிருக்கிறது. 1948 துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்குகிறது. 2009 இன்னும் அச்சகத்திலிருந்து வரவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்கிறார் தவுக்கே. நேற்றும் அதையேதான் சொன்னாராம்.

பாயான் பாருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி இது. கீழே டியூஷன் சென்டர், பக்கத்துக் கதவு பல் வைத்தியர். காடி நிறுத்த இடம் தேடி நான் சந்தையைச் சுற்றிய சுற்றில் பாதி பெட்ரோல் தீர்ந்தது. ஆனால் உள்ளே வந்த நிமிஷமே எல்லாம் மறந்துவிட்டது! சின்ன அமைதிக் குழு ஒன்று, பள்ளிகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் தூக்கிச் செல்லக்கூடிய கண்காட்சி ஒன்றை இங்கே தயாரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு போரை அரசு எப்படிச் சொல்கிறது, போர் வேண்டாம் என்பவர்கள் அதே போரை எப்படிச் சொல்கிறார்கள், கடைசியில் யாருடைய பேச்சு ஜனங்களின் வாயில் ஒட்டிக்கொள்கிறது: இதுதான் சரக்கு. திறப்பு நாளில் வருகிறவர்கள் பளபளப்பான பலகைகளைப் பார்ப்பார்கள். பசை வாடையும் வியர்வையும் வாய்ச்சண்டையும் நமக்கு மட்டும்.

யார் பெயரையும் போடக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் நானே பட்டப்பெயர் வைத்துவிட்டேன். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை பிடிப்பவர் வாத்தியார். சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலைச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து நேரே வந்தவர் ஷிஃப்ட் அக்கா. பகலெல்லாம் சிப் சோதிக்கிறார், இரவில் பொய் சோதிக்கிறார். கம்பெனி எது என்று கேட்டேன். “எழுதறவங்ககிட்ட சொல்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?” என்றார். இரட்டைப் பக்க டேப்பை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு அலைபவன் டேப் தம்பி. மூலையில் சாய்வு நாற்காலியில் பாட்டி. அவர் ஒரு வேலையும் செய்வதில்லை. எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்கிறார்.

“ஷ்ஷ்! ஜாம்பானுக்குள்ள ரெக்கார்டிங்!”

ஆமாம், கழிவறைதான் ஒலிப்பதிவுக் கூடம். உள்ளே ஒரு இளைஞன் தலைமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாளிமேல் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்து இங்கிலீஷ் துரை குரலில் பேசுகிறான். இவன் டஃப் கூப்பர்! 1941 டிசம்பரில் சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் அமைச்சர். வாத்தியார் எழுதிக்கொடுத்த வசனத்தைக் கம்பீரமாகத் தொடங்குவான். நான்காவது வரியில் பாயான் லெப்பாஸ் விமானம் ஒன்று கூரையை உரசுகிற மாதிரி இரைந்துகொண்டு போகும். கம்பளிக்குள்ளிருந்து கெட்ட வார்த்தை ஒன்று வரும். மறுபடி முதலிலிருந்து.

பொருத்தமான தொந்தரவுதான் என்கிறார் வாத்தியார். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மேல் வந்தபோது, ஜனங்கள் வேடிக்கை பார்க்க வீதிக்கு ஓடிவந்து அண்ணாந்து நின்றார்கள். அப்படி நின்ற கூட்டத்தின்மேல்தான் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கப்பலேறினார்கள். 16ஆம் தேதி இரவு மீதி வெள்ளையரும் படையும் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்கள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் காலையில் எழுந்து பார்த்தால் ஆட்சியைக் காணோம். பிறகு கூப்பர் வானொலியில் பேசினார்: பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டார்களாம்.

“அவரு பொய் சொல்றோம்னு நெனச்சே சொல்லல. அவர் எண்ணிக்கையில நாம இல்ல, அவ்ளோதான்” என்றார் வாத்தியார், ஏதோ நேற்று நடந்த மாதிரி கோபத்தோடு. கழிவறைக் கதவு திறந்தது. டஃப் கூப்பர் தொப்பலாக நனைந்து வெளியே வந்து, “மைலோ இருக்கா?” என்று கேட்டார்.

அடுத்த காட்சி இன்னும் வேடிக்கை. அவசரத்தில் ஓடிய பிரிட்டிஷார் பினாங்கு வானொலி நிலையத்தைச் சேதமாக்காமல் விட்டுப் போனார்கள். ஜப்பானியர் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரைக் கூப்பிட்டு, எங்கள் குண்டு எப்படி இருக்கிறது என்று நையாண்டி செய்தார்கள். அந்தக் குரலுக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் பாட்டியைப் பார்க்க, பாட்டி சுவரைப் பார்க்க, கடைசியில் ஷிஃப்ட் அக்கா கம்பளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரே டேக்! அந்தக் கேலியைக் கேட்டு எனக்கே உடம்பு சில்லிட்டது. “சூப்பர்வைசரை நெனச்சிக்கிட்டேன்” என்றார் வெளியே வந்து.

இதோ, சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் உயரமான பலகையைப் பாருங்கள். இதுதான் இந்த மாடியின் செல்லப்பிள்ளை. மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர், பினாங்கின் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகை ஆசிரியர். ஆட்சி ஓடிப்போன அந்த நாட்களில் கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கொடி இருக்கும்வரை மேலே பறப்பவனுக்கு இது எதிரி ஊர். சரவணமுத்து அதை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றினார். எல்லா இனத்துப் பெரியவர்களையும் சேர்த்துக் குழு அமைத்து, வானொலியிலும் சொன்னார்: இங்கே படை இல்லை, குண்டு போடாதீர்கள். வாழ்நாளெல்லாம் வாசகருக்குத் தலைப்புப் போட்ட மனுஷன் அன்றைக்கு விமானிக்குப் புரிகிற மாதிரி ஒரு தலைப்புப் போட்டார்! பினாங்கு சரித்திரத்தில் இதைவிடச் சிக்கனமான பத்திரிகை வேலை எதுவும் எனக்குத் தெரியாது. பின்னாளில் ‘த சாரா சாகா’ என்று தன் கதையை அவரே எழுதினார்.

பலகைமேல் தொங்கவிட ஒரு வெள்ளைக் கொடி வேண்டுமே. வாத்தியாரின் வேட்டி வந்திருக்கிறது. சரிகைக் கரை! “சரணாகதிக்கு ஜரிகை எதுக்கு சார்?” என்று டேப் தம்பி சிரித்துக்கொண்டே கரையை உள்ளே மடித்து ஒட்டினான். வேட்டி திரும்பி வருமா என்று வாத்தியார் இருமுறை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

பக்கத்தில் பெரிய மர ரேடியோ ஒன்று, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. ஜப்பானியர் வந்த பிறகு போருக்கு ‘மகா கிழக்காசியப் போர்’ என்று பெயர், ‘ஆசியா ஆசியருக்கே’ என்று பாட்டு. வெளிநாட்டு வானொலி கேட்பவன் அகப்பட்டால் கதி அதோகதி. அப்போதும் பேராக்கில் பாப்பான் ஊரில் சிபில் கார்த்திகேசு வீட்டில் ஒரு ரேடியோவை ஒளித்து வைத்து பி.பி.சி. கேட்டார். அதற்கு ஜோசஃபின் என்று செல்லப்பெயர். 1943இல் பிடிபட்டு, சித்திரவதை பட்டு, 1948இல் இறந்தார். இவர்களும் தங்கள் மர ரேடியோவுக்கு ஜோசஃபின் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கரப்பான் குடும்பம். “வாடகை கொடுக்காம இருக்காங்க” என்றான் தம்பி.

இப்போது சமையல் மேடைப் பக்கம் வாருங்கள், அங்கேதான் 1948 ஊறுகிறது.

இரண்டு பெரிய தட்டு நிறையக் கோப்பி ஓ. குடிக்க அல்ல! அவசரகாலத் துண்டறிக்கைகளின் நகலைப் புதுத் தாளில் அச்சடித்து, கோப்பியில் முக்கி, பழுப்பாக்கி, மின்விசிறிக்குக் கீழே காயப் போடுகிறார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைச் சரணடையச் சொல்லி ஆகாயத்திலிருந்து கோடிக்கணக்கில் கொட்டப்பட்ட தாள்கள். இதைக் கொண்டுவந்தால் சுடமாட்டோம் என்ற உத்தரவாதச் சீட்டும் உண்டு, தமிழிலும் அச்சடித்தார்கள். சரணடைந்தவர்களின் குரலையே பதிவு செய்து, ஒலிபெருக்கி கட்டிய விமானத்தில் காட்டுக்குமேல் ஒலிபரப்பினார்கள். இந்தத் தொழிலில் அரசுக்கு இருந்த காசையும் விமானத்தையும் நினைத்துப் பார்த்துவிட்டு, இங்கே கோப்பித் தட்டைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் இங்கே ஒரு சின்னச் சண்டை. “உண்மையைச் சொல்ற கண்காட்சியில நாமளே புதுத் தாளைப் பழசாக்கறோமே?” என்று ஷிஃப்ட் அக்கா கேட்டாராம் முதல் நாள். அதற்குப் பரிகாரமாக ஒவ்வொரு தாளின் மூலையிலும் ‘நகல்’ என்று சிவப்பு முத்திரை. முத்திரை குத்தும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். என் விரல்களும் இப்போது நகல்.

பன்னிரண்டு வருஷம் நடந்த சண்டைக்கு, 1948 ஜூனிலிருந்து 1960 ஜூலை வரை, பிரிட்டிஷ் அரசு ‘போர்’ என்று பெயர் வைக்கவே இல்லை. ‘அவசரகாலம்’ என்றது. போர் என்றால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் ஏற்பட்ட நஷ்டத்துக்கு லண்டன் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மாட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். மறுபக்கம் காட்டுக்குள் இருந்தவர்கள் அதை விடுதலைப் போர் என்றார்கள். அரசு அவர்களை முதலில் ‘கொள்ளையர்’ என்றது, 1952க்குப் பிறகு ‘கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்’ என்றது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குடியிருந்த இடத்திலிருந்து பெயர்த்து முள்வேலிக்குள் வைத்துவிட்டு, அந்த இடத்துக்குப் ‘புதுக்கிராமம்’ என்று அழகாகப் பெயர் வைத்தது. பெயர் வைப்பதில் அரசாங்கத்தை மிஞ்ச ஆளில்லை, ஜாதகம் பார்க்கிறவர்கள்கூடத் தோற்பார்கள்.

இதே பலகையில்தான் நம்ம ஆள். எஸ்.ஏ. கணபதி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தமிழர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டார். கையில் துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் இருந்தன என்றது அரசு. அவசரகாலச் சட்டத்தில் அதற்கு மரணம். இந்திய அரசு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டும் பலிக்கவில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. முதல் நாள்தான் அவரது சகா வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இரண்டு தலைப்பு எழுதி மேசையில் வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘ஆயுதத்தோடு பிடிபட்ட கம்யூனிஸ்ட்’. இன்னொன்று ‘தோட்டத் தொழிலாளியின் தலைவன்’. படம் ஒன்றேதான். பார்ப்பவர் கையாலேயே ஏதாவது ஒன்றை எடுத்துப் படத்துக்குக் கீழே காந்தத்தில் ஒட்டலாம். ஒட்டிப் பார்த்தேன். முதல் தலைப்பு ஒட்டினால் அந்த முகம் முறைக்கிறது, இரண்டாவதற்கு அதே முகம் யோசிக்கிறது! சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன். “விளையாடினது போதும், பின்னாடி ஆள் நிக்குது” என்று பாட்டி நாற்காலியிலிருந்தே அதட்டினார். பின்னால் யாரும் இல்லை.

அதே மேசையில் 1955 பாலிங் பேச்சுவார்த்தைப் படம் ஒன்றும் கிடக்கிறது. மலாயாவின் முதலமைச்சர் துங்கு ஒரு பக்கம், கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் ஒரு பக்கம், டிசம்பர் 28, 29, கெடாவில் ஒரு பள்ளிக்கூடம். கேமராக்கள் மொய்த்தன, பேச்சு முறிந்தது. சமாதான ஒப்பந்தம் ஹட்ஜாயில் கையெழுத்தாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமாதானத்துக்கு எத்தனை பலகை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றேன். “அரைப் பலகை. நடந்தது அவ்ளோதான்” என்றார் வாத்தியார்.

நாசி கண்டார் வந்துவிட்டது! தப்பாவ் பொட்டலங்களை வைக்க மேசையில் இடமில்லை. ஒரு கை கணபதியை நகர்த்த, இன்னொரு கை சின் பெங்கை நகர்த்த, குழம்பு சிந்தாமல் காப்பாற்றினோம். எல்லாரும் தரையில். மின்விசிறியை நிறுத்தியாகவேண்டும், இல்லையென்றால் 1948 பறந்துவந்து கறியில் விழும். வியர்வை சொட்டச் சொட்டச் சாப்பிட்டோம். சுடச்சுட வெண்டைக்காய், கோழி, மேலே கலவைக் குழம்பு; பாயான் பாருவில் பசி அமர்த்துவதற்குச் சமாதானம் பேசவேண்டியதில்லை.

பாட்டி அப்போதுதான் வாயைத் திறந்தார். அவருடைய அம்மா சொல்லக் கேட்டது. ஜப்பான்காரன் காலத்தில் ஊரில் இலவச சினிமா என்று தண்டோரா. போனவர்கள் உள்ளே உட்கார்ந்ததும் கதவைப் பூட்டிவிட்டார்கள். வாலிபமாக இருந்தவர்களை லோரியில் ஏற்றி சயாமுக்கு, ரயில் பாதை போட. சித்தப்பா ஒருத்தர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனாராம். சட்டை என்ன நிறம் என்றுகூட அம்மா சொல்லியிருக்கிறார், பச்சைக் கட்டம். அவர் வரவேயில்லை.

இது பலகையில் இருக்கிறது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், குடும்பத்தோடு வரலாம் என்ற ஜப்பானிய ஆசை வார்த்தைகள் ஒரு பக்கம். பல பத்தாயிரம் ஆசியத் தொழிலாளர்களின் சாவு மறுபக்கம்; அதில் நம் தோட்டத் தமிழர்கள் ஏராளம். நடுவில் 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தைப் பற்றி ஒரு கட்டம். உலகம் முழுக்க அந்த ரயில் பாதையைத் தெரிந்துகொண்டது அந்தப் படத்தால்தான். அதில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நம் ஆட்களைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். அரசாங்கம் மறைக்கவில்லை, யாரும் தடை போடவில்லை. கதை சொன்னவன் கேமராவை அந்தப் பக்கம் வைத்தான், முடிந்தது. தமிழில் இதை நாவலாக எழுத ஆர். சண்முகம் வரவேண்டியிருந்தது: ‘சயாம் மரண ரயில்’. பாட்டி அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. “எங்கம்மா சொன்னதுல இல்லாதது அதுல என்ன இருக்கப்போவுது?” என்கிறார்.

சாப்பிட்ட கையோடு அடுத்த தலைவலி: நீலத் திரை.

2003 பிப்ரவரி 5. ஈராக்மேல் படையெடுக்க ஆள் திரட்டி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் பேசுகிறார். மன்றத்துக்கு வெளியே, நிருபர்கள் கேமரா வைக்கும் இடத்தில், பிக்காஸோவின் ‘கெர்னிக்கா’ ஓவியத்தின் நெசவுப் பிரதி தொங்கும். குண்டு விழுந்த ஊரின் அலறல். அதன்மேல் நீலத் திரை போட்டு மூடிவிட்டார்கள்! டிவிக்குப் பின்னணி சரியாக அமையவேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் பத்து நாள் கழித்து, பிப்ரவரி 15 அன்று, உலகின் பெரிய நகரங்களிலெல்லாம் லட்சக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அந்தக் காலத்து ஊர்வலங்களில் சிலர் ‘கெர்னிக்கா’ பிரதிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மூடியதால் ஊரெல்லாம் தெரிந்தது. ஊர்வலம் போரை நிறுத்தவில்லை என்பதும் உண்மை. அதையும் பலகையில் எழுதியிருக்கிறார்கள். 2011இல் கோலாலம்பூரில் கூடிய போர்க் குற்றத் தீர்ப்பாயம் புஷ்ஷையும் பிளேரையும் குற்றவாளிகள் என்றது. அது தண்டிக்க அதிகாரமில்லாத தீர்ப்பாயம் என்பதை அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறார் வாத்தியார்.

பிள்ளைகள் கயிற்றை இழுத்தால் நீலத்துணி விலகி, மாணவர் ஒருவர் வரைந்த குண்டு விழுந்த ஊர் தெரியவேண்டும். திட்டம் பிரமாதம். டேப் தம்பி கயிற்றை இழுத்தான், துணியோடு திரைக்கம்பியும் சேர்ந்து வாத்தியார் தலையில் விழுந்தது. இரண்டாம் முறை பாதி விலகி நின்றுவிட்டது. மூன்றாம் முறை ஷிஃப்ட் அக்கா கம்பியில் மெழுகு தேய்த்தார். சர்ரென்று போயிற்று! நான் கைதட்டிவிட்டேன். பக்கத்துப் பல் வைத்தியர் எட்டிப் பார்த்து, “எல்லாம் நல்லாதானே இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

காஸா பலகைக்கு வந்தபோது குரல்கள் கொஞ்சம் உயர்ந்தன. நம் நாட்டில் இது விசித்திரமான போட்டி. மற்ற ஊர்களில் அரசு ஒரு பக்கம், அமைதிக்காரர்கள் ஒரு பக்கம். இங்கே 2023 அக்டோபர் 24 அன்று புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நடந்த பாலஸ்தீன ஆதரவுக் கூட்டத்தில் பிரதமர் அன்வாரே மேடையேறினார். டிசம்பரில் இஸ்ரேலிய ஸிம் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வரத் தடை. “அரசாங்கமே நம்ம பதாகையைப் பிடிச்சுக்கிட்டா நாம எதைப் பிடிக்கறது?” என்று தம்பி கேட்டதற்கு ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஷிஃப்ட் அக்கா ஆரம்பித்தார். அதே அக்டோபர் கடைசியில் பள்ளிகளில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரம் வந்தது. சில இடங்களில் பொம்மைத் துப்பாக்கியோடு ஆட்கள் நின்ற காணொளி பரவி, பெற்றோர் பதறிப்போனார்கள். கல்வி அமைச்சு பொம்மை ஆயுதம் கூடாது என்றது. “அமைதிக்காகத் துப்பாக்கி பிடிக்கச் சொன்னா பிள்ளை என்ன புரிஞ்சிக்கும்?” அவர் மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில்.

தூரத்துப் போர் என்றால் நம் அரசு தைரியமாகப் பேசும் என்பது என் அபிப்பிராயம், யாரும் கேட்காமலே சொல்கிறேன். ஆனாலும் அரசுக்குமேல் ஒரு அரசு முளைத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஹமாஸ் தலைவர் ஹனியே கொலை பற்றிய பிரதமரின் பதிவையே மேட்டா நிறுவனம் நீக்கிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. பதிவு நீக்கப்படுவது இந்தக் குழுவுக்குப் பழகிப்போன விஷயம். “பிரதமருக்காவது மன்னிப்புக் கெடைச்சிச்சு” என்று தம்பி தன் கைப்பேசியைக் காட்டினான். புறக்கணிப்பு இயக்கத்தின்மேல் மெக்டோனல்ட்ஸ் மலேசியா 60 லட்சம் வெள்ளி கேட்டு வழக்குப் போட்டதும், 2024 மார்ச்சில் அதை மீட்டுக்கொண்டதும் அதே பலகையில் சின்னக் கட்டமாக இருக்கிறது. கட்டத்தின் மூலையில் யாரோ குழம்புக் கறை வைத்துவிட்டார்கள். நான் இல்லை.

இரவு கொஞ்சம் ஏறிய பிறகு தவுக்கேயின் பையன் மோட்டார்சைக்கிளில் 2009ஐக் கொண்டுவந்தான். சுருளைப் பிரித்ததும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். இதில் சிரிப்பு குறைவு.

இலங்கை அரசு புலிகளோடு நடத்திய கடைசிப் போருக்கு வைத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. பொதுமக்கள் இழப்பு பூஜ்யம் என்றது. சுதந்திரமான நிருபர்களை உள்ளே விடவில்லை. தாக்க மாட்டோம் என்று அறிவித்த வலயத்துக்குள் ஷெல் விழுந்தது. தப்பி வந்தவர்களை அடைத்து வைத்த முகாம்களுக்கு ‘நலன்புரி’ என்று பெயர். மறுபக்கம் புலம்பெயர்ந்த தமிழர்கள் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2009 மே 10 அன்று டொரண்டோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அங்கே செய்தி என்ன ஆனது? போக்குவரத்து நெரிசல்! பிள்ளைகளை நெடுஞ்சாலைக்குக் கூட்டி வரலாமா என்ற வாதம்! முள்ளிவாய்க்கால் அப்புறம்தான். பாயான் பாரு சடக்கில் தினம் மாட்டிக்கொள்பவர்களுக்கு அது எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனித்தான் அந்த இரவின் பெரிய சண்டை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது, பெரும்பாலானோர் அரசின் ஷெல்லடியில் இறந்தார்கள் என்றது. அதே அறிக்கை, புலிகள் மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்திருந்ததையும் தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. அச்சாகி வந்த பலகையில் முதல் பாதி மட்டும்.

“ரெண்டாவது பாதி எங்க?” வாத்தியார்.

“இடம் இல்ல சார்” என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“டஃப் கூப்பரும் இடம் இல்லன்னுதான் சொல்லியிருப்பாரு.”

தம்பி எழுந்து சன்னலோரம் போய் நின்றுவிட்டான். அவன் அத்தை குடும்பம் அங்கிருந்து வந்தது. செத்தவர்கள் நம்மவர்கள், அவர்களுக்காகப் பேச ஒரு பலகைதான் இருக்கிறது, அதிலுமா எதிராளியின் வாதத்துக்கு இடம் கொடுப்பது என்பது அவன் கேள்வி. அதை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பாதி அறிக்கையை வைத்தால் மறுபாதியைத் தூக்கிக் காட்டி மொத்தப் பலகையையும் பொய்யாக்குவதற்கு எதிர்த்தரப்புக்கு ஒரு நிமிஷம் போதும். வாத்தியார் இதைச் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து, இரண்டாம் பாதியைத் தன் கையெழுத்தில் எழுதி, டேப்புக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் தம்பி வந்து மணிக்கட்டிலிருந்து சுருளைக் கழற்றிக் கொடுத்தான்.

இன்னொரு கேள்வியும் மிச்சம் இருந்தது. புலிகளின் தலைவர் பிரபாகரன் படம் ஒன்று முதல் வரைவில் இருந்ததாம், இப்போது இல்லை. 2019 அக்டோபரில் புலித் தொடர்பு என்று சொல்லி சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தார்கள், அதில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டார். படம் வைத்திருப்பது பயங்கரவாதம் ஆகாது என்றார். “பயத்துல எடுத்தோமா, இது பொதுமக்களைப் பத்தின பலகைன்னு நியாயத்துல எடுத்தோமா?” என்று ஷிஃப்ட் அக்கா கேட்க, வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே “ரெண்டும்னு குறிச்சு வை” என்றார். அக்கா நிஜமாகவே குறித்து வைத்தார்.

கனத்த இடத்தைக் கடந்தாயிற்று. இப்போது வெள்ளோட்டம்! கீழே டியூஷன் முடிந்து பெற்றோருக்காகக் காத்திருந்த மூன்று இடைநிலைப்பள்ளி மாணவர்களைப் பிஸ்கட் காட்டி மேலே இழுத்து வந்துவிட்டான் தம்பி. அவர்கள் நீலத் திரையை இழுத்தார்கள், இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜோசஃபினைத் திறந்து கரப்பான் பார்த்து அலறினார்கள். சரவணமுத்துவின் வேட்டியில் மடித்த கரை பிரிந்து சரிகை மின்னியது. கணபதியின் இரண்டு தலைப்பையும் சேர்த்து ஒட்டிவிட்டு ஒருத்தி கேட்டாள்: “அங்கிள், இந்தத் தலைப்பு யார் எழுதினது? அதுக்குக் காசு யார் கொடுத்தா?”

பத்து வெள்ளிப் பிஸ்கட்டுக்கு லட்ச வெள்ளிக் கேள்வி! வாத்தியார் முகத்தில் முப்பது வருஷ வகுப்பறை திரும்பி வந்தது. பத்து நிமிஷத்தில் கத்தரிக்கோல், அட்டை, பேனா எல்லாம் களத்தில். ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு துண்டு: சொன்னது யார், காசு யாருடையது. துண்டறிக்கைக்குக் கீழே ‘காலனித்துவ அரசு, வரிப்பணம்’. சயாம் ஆசை வார்த்தைக்குக் கீழே ‘ஜப்பானிய ராணுவம்’. லண்டன் சதுக்கத்துக்குக் கீழே ‘புலம்பெயர்ந்த தமிழர்கள், சொந்தக் காசு’.

“அப்ப இந்தக் கண்காட்சிக்கு?” என்றாள் அதே பெண்.

தம்பி புது அட்டை ஒன்றை வெட்டினான். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது: உறுப்பினர் சந்தா, தவுக்கே கொடுத்த கழிவு, வாத்தியார் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு, ஒரு வேட்டி. நாசி கண்டாரைச் செலவில் காட்டுவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. காட்டினால் அமைதி பேசுகிறவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று பேர் வரும் என்றார் அக்கா. மறைத்தால் நாமும் ஐ.நா. நுழைவாயிலில் திரை போட்டவர்கள்தான் என்றார் வாத்தியார். இரண்டுக்கு இரண்டு. என் பக்கம் எல்லாரும் திரும்பியபோது பாட்டி குறுக்கே கை நீட்டினார்: “அவங்க ரெண்டு துண்டு கோழி எடுத்தாங்க, நான் பார்த்தேன். அவங்களுக்கு ஓட்டு கிடையாது. கணக்குல மட்டும் சேர்த்துக்குங்க.”